டேங்கில் எத்தனை லிட்டர்? முள்ளையும் விளக்கையும் எவ்வளவு நம்பலாம்

எரிபொருள் நிலவரத்தை டாஷ்போர்டு மூன்று வழிகளில் சொல்கிறது: முள், எச்சரிக்கை விளக்கு, 'இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்' என்ற எண். எண்ணில் கடைசி இலக்கம்வரை தெளிவாகத் தெரிவதால் பெரும்பாலோர் அதைத்தான் முதலில் நம்புகிறார்கள். முள் அடுத்தது. விளக்கை 'அது எப்பவும் சீக்கிரமே எரியும்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் கணிப்பில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். மூன்றில் விளக்குதான் உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது. முள் அதற்குப் பின்னால், எண் கடைசியில்.

காரணம் டேங்குக்குள் இருக்கிறது. அங்கே லிட்டரை அளக்கும் கருவி எதுவும் கிடையாது. ஒரு மெல்லிய கம்பிக் கையின் நுனியில் மிதவை. கையின் மறுமுனையில் ஒரு உரசுமுனை. அது மின்தடைப் பாதை பதித்த சிறு பீங்கான் தகட்டின் மேல் நகர்கிறது. எரிபொருள் இறங்கினால் மிதவை இறங்கும், தடை மாறும், அந்த மாற்றத்தை மீட்டர் முள்ளாகக் காட்டும். ஆக, அளக்கப்படுவது டேங்கின் ஒரே ஒரு இடத்தில் திரவ மட்டத்தின் உயரம் மட்டுமே. உயரத்திலிருந்து லிட்டருக்குப் போவது கணக்கு. அந்தக் கணக்கில்தான் எல்லாப் பிழையும் நுழைகிறது.

குடத்தில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் பாதிக் குடம் என்று சொல்ல முடியாது அல்லவா, கார் டேங்கும் அப்படித்தான். பின் சீட்டுக்கு அடியில் கிடைத்த இடத்துக்கெல்லாம் வளைந்து நெளிந்து செய்யப்பட்ட பிளாஸ்டிக் வார்ப்பு அது. ஒரு இடத்தில் புகைக்குழாய்க்கு வழிவிட்டுக் குழிந்திருக்கும், இன்னொரு இடத்தில் சஸ்பென்ஷனுக்கு ஒதுங்கியிருக்கும். இன்றைய கார்களில் இந்த வடிவத்துக்கான அட்டவணை மென்பொருளில் இருக்கிறது: இந்தத் தடைக்கு இத்தனை லிட்டர் என்று. பழைய கார்களில் அட்டவணை கிடையாது. தடைப் பாதையின் அகலத்தை மாற்றி ஓரளவு சமாளித்தார்கள். அதனால்தான் பல பழைய கார்களில் முதல் பாதி மெதுவாகவும் இரண்டாம் பாதி மளமளவென்றும் இறங்கும்.

புதிய கார்களிலும் இது முழுதாகப் போய்விடவில்லை. டேங்க் நிரம்பும் முன்பே மிதவை மேல்தடுப்பில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் உள்ள சில லிட்டர்கள் முள்ளின் கண்ணுக்குப் படாதவை. நிரப்பிய பிறகு வெகுதூரம் முள் 'ஃபுல்'லை விட்டு அசையாமல் இருப்பதற்கு நல்ல மைலேஜ் காரணம் இல்லை, மிதவை இன்னும் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே காரணம். அடியிலும் இதே நிலைதான். மிதவைக் கை கீழ்த்தடுப்பில் உட்கார்ந்த பிறகும் எரிபொருள் மிச்சம் இருக்கும். அது எவ்வளவு என்று மிதவைக்குத் தெரியாது.

ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிட்டுப் பார்த்தால் விஷயத்தின் தீவிரம் புரியும். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள எளிய பெட்டி டேங்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பரப்பு 2,700 சதுர செ.மீ. அப்படியானால் ஒரு செ.மீ. உயரம் 2.7 லிட்டர். மிதவைக் கை வெறும் 5 மி.மீ. வளைந்திருந்தால் 1.35 லிட்டர் பிழை. 5 சதவீத ஏற்றத்தில் நின்றால் 60 செ.மீ. நீளத்தின் இரு முனைகளுக்கும் 3 செ.மீ. மட்ட வேறுபாடு வரும். மிதவை ஒரு முனையில் இருந்தால் பிழை ஒன்றரை செ.மீ., அதாவது சுமார் 4 லிட்டர். மிதவை நடுவில் இருந்தால் ஏறக்குறைய பிழையே வராது. டேங்கின் நடுப்பகுதிக்கு அருகில் மிதவையை வைக்க வடிவமைப்பாளர்கள் இவ்வளவு மெனக்கெடுவது இதற்காகத்தான்.

நடுவில் வைக்கவே முடியாத டேங்குகளும் உண்டு. பின்சக்கர இயக்கம், நான்குசக்கர இயக்கம் கொண்ட கார்களில் பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டான டிரைவ்ஷாஃப்ட்டின் இரு பக்கமும் தொங்கும் சேணம் போன்ற டேங்க் இருக்கும். அடியில் அது உண்மையில் இரண்டு தனித் தொட்டிகள். ஒன்றில் எஞ்சினுக்கு எரிபொருளை அனுப்பும் பம்ப், மற்றதிலிருந்து எரிபொருளை இழுத்துக்கொடுக்க, பம்பின் ஓட்டத்தாலேயே இயங்கும் ஜெட் பம்ப். மிதவையும் இரண்டு. இரண்டையும் கூட்டித்தான் முள் காட்டுகிறது. ஜெட் பம்ப் அடைத்துக்கொண்டால் ஒரு பக்கத்தில் பத்து லிட்டருக்கு மேல் இருக்க, பம்ப் உள்ள பக்கம் காய்ந்து வண்டி நின்றுவிடும். கால் டேங்க் இருப்பதாக முள் காட்டும்போதே எரிபொருள் தீர்ந்ததுபோல் வண்டி நின்றால், இந்தக் கோளாறைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

முள் ஏன் உடனே நகர்வதில்லை

வளைவிலும் பிரேக்கிலும் எரிபொருள் அலைபாயும். மிதவை நிமிடத்துக்குப் பலமுறை ஏறி இறங்கும். அதை அப்படியே காட்டினால் முள் ஆடிக்கொண்டே இருக்கும். பழைய மீட்டர்களில் சூடேறி வளையும் ஈருலோகப் பட்டை முள்ளை நகர்த்தியது. அது இயல்பிலேயே மெதுவானது என்பதால் ஆட்டம் தெரியவில்லை. பிறகு வந்த காந்தச் சுருள் மீட்டர்களில் கெட்டியான சிலிக்கோன் திரவம் அந்த வேலையைச் செய்தது. இப்போது மென்பொருள் சில நிமிட அளவுகளைச் சராசரி எடுத்து, படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டாரால் முள்ளை மெல்ல நகர்த்துகிறது. சில கார்கள் இன்ஜெக்டர் எவ்வளவு தெளித்தது என்ற கணக்கையும் இதோடு சேர்த்துக்கொள்கின்றன.

இந்தச் சராசரியால் வரும் ஒரு விளைவு பலரைக் குழப்புகிறது. சாவியை ஆன் செய்த கணத்தில் மட்டும் பல கார்கள் சராசரியை விட்டுவிட்டு மிதவையை நேராகப் படிக்கின்றன. நிறுத்தியபோது இருந்த அளவைவிடக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கூடியிருந்தால் 'நிரப்பியிருக்கிறார்கள்' என்று முடிவுசெய்து முள்ளை உடனே ஏற்றும். அந்த வரம்புக்குள் இருந்தால் பழைய அளவையே தொடர்ந்து மெல்லத்தான் திருத்தும். எனவே இரண்டு மூன்று லிட்டர் மட்டும் போட்டால் முள் அசையாமல் இருக்கலாம். இக்னிஷனை ஆனில் வைத்தபடியே நிரப்பினாலும் முள் நெடுநேரம் கழித்தே ஏறலாம். சரிவில் நிறுத்தி மறுநாள் எடுத்தால், நிரப்பாமலேயே கால் டேங்க் கூடியதுபோலவும் காட்டலாம். இவை எதுவும் கோளாறு அல்ல. சமதளத்தில் ஒரு முறை அணைத்து, சில நிமிடம் விட்டு, மீண்டும் ஆன் செய்தால் கிடைப்பதுதான் அந்தக் காரால் தர முடிந்த மிகச் சரியான அளவு.

வேறொரு வகைப் பிழைக்கு நல்ல உதாரணம், வட அமெரிக்காவில் விற்ற இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ். பெட்ரோல் ஆவி வெளியேறாமல் இருக்க அதன் டேங்குக்குள் சுருங்கி விரியும் பை வைத்திருந்தார்கள். குளிரில் பை விறைத்துக்கொள்ளும். நிரப்பும் கொள்ளளவே குறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் 'ஃபுல்' என்பதன் பொருள் மாறினால் எந்த மீட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

விளக்கு

இந்த விளக்கும் முள்ளும் வருவதற்கு முன் ரிசர்வ் குழாய்தான் எச்சரிக்கை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் 1960களின் தொடக்கம்வரை எரிபொருள் மீட்டரே கிடையாது. எஞ்சின் திணறினால் காலருகே உள்ள திருகைத் திருப்பி ரிசர்வுக்கு மாற்ற வேண்டும். அதில் ஒரு நேர்மை இருந்தது: மிச்சம் எவ்வளவு என்பது குழாயின் உயரத்தால் முடிவானது, மின்சாரம் எதுவும் குறுக்கே வரவில்லை.

பிறகு வந்த கார்களில் முள்ளுக்கும் விளக்குக்கும் தனித்தனி வழிகள். டேங்கில் குறிப்பிட்ட உயரத்தில், சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர் ஒன்று இருக்கும். எரிபொருளில் மூழ்கியிருக்கும்வரை குளிர்ந்திருக்கும், தடை அதிகம், விளக்கு எரியாது. மட்டம் இறங்கி அது வெளியே வந்ததும் தன் மின்னோட்டத்தாலேயே சூடாகி, தடை குறைந்து, விளக்கு எரியும். அந்த வண்டிகளில் முள்ளும் விளக்கும் முரண்பட்டால் நான் விளக்கின் பக்கமே நிற்பேன். இன்றைய கார்களில் பெரும்பாலும் ஒரே மிதவைதான் இரண்டையும் இயக்குகிறது. சராசரி எடுத்த அளவு வரம்புக்குக் கீழே போனால் விளக்கு.

அப்படியிருந்தும் விளக்கை ஏன் அதிகம் நம்பச் சொல்கிறேன்? முள் டேங்கின் முழு உயரத்துக்கும் சரியாக இருக்க வேண்டும்; விளக்கு ஒரே ஒரு புள்ளியில் சரியாக இருந்தால் போதும். அந்தப் புள்ளியைத்தான் தயாரிப்பாளர்கள் மிகக் கவனமாக அமைக்கிறார்கள், ஏனென்றால் அங்கே தவறினால் வண்டி நடுவழியில் நிற்கும். பிழை வந்தாலும் முன்கூட்டியே எரியும் பக்கமாகத்தான் சாய்த்து வைக்கிறார்கள். சாதாரணக் கார்களில் 5 முதல் 9 லிட்டர் மிச்சம் இருக்கும்போது எரிவது வழக்கம். ஏற்றத்தில் எரிந்து இறக்கத்தில் அணைந்தால், மட்டம் சரியாக வரம்பில் நிற்கிறது என்று பொருள்.

எண்ணைக் கடைசியில் வைத்தேன். மிதவை சொல்லும் லிட்டரை, அண்மையில் ஓடிய தூரத்தின் மைலேஜால் பெருக்கி வருவது அது. 6 லிட்டர் மிச்சம், கடந்த பல கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18 என்றால் 108 கி.மீ. காட்டும். ஊருக்குள் நுழைந்து லிட்டருக்கு 10 ஆனால் அதே 6 லிட்டர் 60 கி.மீ. தான். பத்து கி.மீ. ஓட்டுவதற்குள் எண் முப்பது குறைவது இதனால்தான். மிதவையின் பிழையும் மைலேஜ் ஊகத்தின் பிழையும் ஒன்றோடொன்று பெருகும் ஒரே அளவு இது. சில கார்கள் கீழே ரிசர்வைக் கழித்துவிட்டு, லிட்டர் கணக்கில் மிச்சம் இருக்கும்போதே பூஜ்யம் காட்டும். சில ஒரு அளவுக்குக் கீழே எண்ணை நீக்கிவிட்டு வெறும் கோடுகளைக் காட்டும். பூஜ்யத்துக்குப் பின் இத்தனை கி.மீ. ஓடும் என்று வேறொருவர் தன் காரை வைத்துச் சொல்வதை உங்கள் காருக்குப் பொருத்தவே கூடாது.

உங்கள் காரின் ரிசர்வை அளப்பது

இந்த முழு ஏற்பாட்டிலும் மிகத் துல்லியமான கருவி காரில் இல்லை, பெட்ரோல் பங்கில் இருக்கிறது. விற்பனை மீட்டருக்குப் பல நாடுகளில் அனுமதிக்கப்படும் பிழை கூடவோ குறையவோ 0.5 சதவீதம், 40 லிட்டருக்கு 200 மி.லி. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

விளக்கு எரிந்து அணையாமல் நின்றதும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அருகில் உள்ள பங்குக்குப் போய், சமதளத்தில், எஞ்சினை அணைத்து, நிரப்பும் குழாயின் துப்பாக்கி முதல் முறை 'டக்' என்று நிற்கும்வரை மட்டும் நிரப்புங்கள். விளக்குக்குப் பிறகு ஓடிய தூரத்துக்கான எரிபொருளை நிரப்பிய அளவிலிருந்து கழியுங்கள். இதைச் சில முறை செய்து சராசரி எடுங்கள். உதாரணமாக, 45 லிட்டர் டேங்கில் 37.8, 38.4, 37.5 என்று வந்தால் சராசரி 37.9, விளக்கு எரிகையில் மிச்சம் 7.1 லிட்டர். அதில் பம்ப்பால் எடுக்க முடியாதது, சரிவில் ஒதுங்குவது என 2 லிட்டரை விட்டுவிடுங்கள். மீதி 5 லிட்டரை உங்கள் மோசமான மைலேஜால் பெருக்குங்கள், சராசரி மைலேஜால் அல்ல. லிட்டருக்கு 11 என்றால் 55 கி.மீ. அதை டாஷ்போர்டில் ஒட்டி வைத்துக்கொண்டால் எந்தத் திரையும் தராத தெளிவு கிடைக்கும்.

முதல் 'டக்'கில் ஏன் நிறுத்தச் சொல்கிறேன் என்றால், 'ஃபுல்' என்பதும் நிலையான அளவு அல்ல. துப்பாக்கியின் நுனியில் சிறு துளை ஒன்று உண்டு. அது எரிபொருளில் மூழ்கியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, டயாஃப்ரம் இழுக்கப்பட்டு, வால்வு மூடிக்கொள்ளும். ஓட்டத்தின் வேகம், துப்பாக்கி சாய்ந்திருக்கும் கோணம், டேங்கிலிருந்து காற்று வெளியேறும் வேகம் மூன்றுமே அந்தக் கணத்தை முன்பின் தள்ளும். ஒன்றிரண்டு லிட்டர் வேறுபாடு சாதாரணம். முடிந்தால் ஒரே பங்கில், ஒரே குழாயில் அளக்கவும். வெப்பநிலையும் சேரும்: பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் விரியும், 40 லிட்டர் 20 டிகிரி சூடேறினால் முக்கால் லிட்டர் கூடும்.

'45 லிட்டர் டேங்கில் 47 லிட்டர் போட்டார்கள், ஏமாற்று' என்ற சண்டைக்கும் விடை இதில் இருக்கிறது. கையேட்டில் உள்ள கொள்ளளவு, விரிவுக்காக மேலே விட்ட காலி இடத்தையும் நிரப்பும் கழுத்தையும் சேர்க்காத எண். விடாமல் அழுத்தி நிரப்பினால் அவற்றிலும் ஏறும். மீட்டர் பொய் சொல்கிறது என்று அதை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. ஆனால் அப்படி நிரப்புவது காருக்குக் கெடுதல்: ஆவியைப் பிடிக்கும் கரிப் பெட்டிக்குள் திரவ பெட்ரோல் புகுந்தால் அது பாழாகும்.

கோளாறு எங்கே

முள் தவறாகக் காட்டினால் மீட்டரைக் கழற்றுவதற்கு முன், காரின் கணினியில் உள்ள அளவுகளையும் கோளாறுக் குறியீடுகளையும் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகுங்கள். பெரும்பாலான கார்கள் டேங்க் அளவைச் சதவீதமாக அதில் தருகின்றன. ஸ்கேனர் சரியாகவும் முள் தவறாகவும் இருந்தால் கோளாறு மீட்டரில், அநேகமாக ஸ்டெப்பர் மோட்டாரில். இரண்டும் ஒரே மாதிரி தவறினால் டேங்க் பக்கம் போங்கள். பி0460 முதல் பி0464 வரையான குறியீடுகள் முதல் மிதவையின் சுற்றைக் குறிப்பவை: பி0461 என்றால் அளவு எதிர்பார்த்தபடி மாறவில்லை, பி0462 மின்னழுத்தம் குறைவு, பி0463 அதிகம், பி0464 விட்டுவிட்டு வருகிறது. இரண்டாம் மிதவைக்கு பி2065இல் தொடங்கும்.

அடுத்து மல்டிமீட்டர். பல கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் டேங்க் யூனிட்டின் (மிதவையும் தடைத் தகடும் சேர்ந்த பாகம்) மூடி தெரியும். பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி, கதவுகளைத் திறந்துவைத்து, அருகில் தீப்பொறிக்கு வாய்ப்பே இல்லாமல் பார்த்துக்கொண்டு கனெக்டரை எடுங்கள். யூனிட் பக்கத்து பின்களில் தடையை அளங்கள். எத்தனை ஓம் வர வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஐரோப்பிய வகை காலியில் 10, நிரம்பினால் 180. ஜெனரல் மோட்டார்ஸ் வகை 0 முதல் 90. அமெரிக்க உதிரி மீட்டர்களில் காலியில் 240, நிரம்பினால் 33. பழைய ஃபோர்டில் காலியில் 73, நிரம்பினால் 10. ஒரு வகை மீட்டருக்கு வேறு வகை யூனிட்டைப் போட்டால் முள் தலைகீழாக ஓடும் அல்லது பாதியிலேயே நிற்கும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் யூனிட்டை வாங்கும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான்.

எர்த் வயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதில் துரு ஏறி 8.5 ஓம் தடை சேர்ந்தால், 10–180 வகையில் அது முழு வீச்சின் 5 சதவீதம். 45 லிட்டர் டேங்கில் 2 லிட்டருக்கு மேல் *அதிகமாக* காட்டும். இதுதான் ஆபத்தான திசை. 240–33 வகையில் அதே துரு குறைவாகக் காட்ட வைக்கும், பயப்பட ஒன்றுமில்லை. யூனிட்டின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் இடையே, எல்லாம் இயங்கும்போது, 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த்தைச் சுத்தம் செய்யாமல் வேறெதையும் மாற்ற வேண்டாம்.

எர்த் நன்றாக இருந்தால் யூனிட்டை வெளியே எடுக்க வேண்டியதுதான். மிதவைக் கையை மிக மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். ஓம் அளவு தாவாமல் வழுவழுப்பாக மாற வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் அளவு அறுந்துபோனால் அங்கே பாதை தேய்ந்திருக்கிறது. எப்போதும் கால் டேங்கில் ஓட்டுபவர்களின் வண்டியில் கீழ்ப்பகுதிதான் முதலில் தேயும், அதாவது விளக்கு எரிய வேண்டிய அதே இடம். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள்; உள்ளே சலசலத்தால் ஓட்டை, எப்போதும் குறைவாகவே காட்டும். திரும்பப் பொருத்தும்போது யூனிட்டின் மேலுள்ள அம்புக்குறி டேங்கின் குறியோடு பொருந்த வேண்டும். சற்றுத் திரும்பினாலும் மிதவை சுவரில் உரசி நின்றுவிடும். வளையத்துக்கு அடியில் உள்ள ரப்பர் சீலைப் புதிதாகவே போடுங்கள்.

உரசுமுனை கெடுவதற்கு எரிபொருளும் காரணமாகலாம். அந்தத் தொடர்புகளில் வெள்ளி கலந்திருக்கும். கந்தகம் அதைக் கறுப்பாக்கி மின்சாரத்தைத் தடுக்கும். 2004இல் அமெரிக்காவின் புளோரிடா, லூசியானா பகுதிகளில் கந்தகம் கூடிய பெட்ரோல் விற்பனைக்கு வந்து ஏராளமான கார்களின் மீட்டர்கள் கெட்டன. அதன் பின் அந்நாட்டுப் பெட்ரோல் தரநிலையில் வெள்ளி அரிப்புச் சோதனை சேர்ந்தது. இப்போது சில கார்களில் தொடர்புகளை மூடிய அறைக்குள் வைத்து, வெளியே மிதவையோடு நகரும் காந்தத்தால் இயக்குகிறார்கள். இது நல்ல மாற்றம், எல்லாக் கார்களுக்கும் வர வேண்டியது.

அடிக்கடி விளக்கு எரியும் நிலையில் ஓட்டலாமா? 'அடியில் உள்ள கசடு ஏறும்' என்ற பயம் பாதிதான் உண்மை, ஏனென்றால் பம்ப் எப்போதும் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. உண்மையான பிரச்சினை சூடு. பம்ப்பைக் குளிர வைப்பதும் மசகிடுவதும் அதன் வழியே ஓடும் எரிபொருள்தான். வளைவுகளில் காற்றை உறிஞ்சத் தொடங்கினால் அதன் ஆயுள் குறையும். பெட்ரோல் எஞ்சின் கடைசியில் திணறும்போது எரியாத கலவை, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். டீசலில் இதைவிட மோசம்: உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் மசகு.

தீர்ந்தே போய்விட்டால், கையில் கிடைத்த ஒரு லிட்டரை ஊற்றிப் பார்க்காதீர்கள். சரிவிலோ சேண டேங்கிலோ அது பம்ப்பை எட்டாமலே போகலாம். குறைந்தது 5 லிட்டர் வேண்டும். ஊற்றும் முன் சாவியை முழுக்க ஆஃப் செய்யுங்கள். பெட்ரோல் காரில் பிறகு ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று நான்கு முறை ஆன், ஆஃப் செய்து, ஒவ்வொரு முறையும் சில வினாடி பம்ப் ஓட விடுங்கள். அழுத்தம் ஏறிய பின் ஸ்டார்ட் செய்யுங்கள். டீசலில் கைப்பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லையென்றால் கையேட்டில் உள்ள முறைப்படி, ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் ஓட்டாமல், இடைவெளி விட்டு முயலுங்கள். ஐந்து லிட்டருக்கு முள் அசையாமலும் விளக்கு அணையாமலும் இருக்கலாம். ஊற்றிய லிட்டரைக் கணக்கில் வைத்து நேரே பங்குக்குப் போய் நிரப்புங்கள்.